ஆனைமலைத் தோப்பில் சீடர் மர வீடு: முன்பணம் அனுப்பும் முன்

கேள்வி சுருக்கமாக இதுதான். பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. அதில் 1200 சதுர அடியில் ஓய்வுக்காலத்துக்கு ஒரு வீடு. சீடர் மரக்கட்டைகளை அறுத்து, காடி (பள்ளம்) எடுத்து, எண் போட்டு, கன்டெய்னரில் அனுப்பிவைக்கும் கனடா கம்பெனி ஒன்றிடமிருந்து, அந்தக் கட்டைகளையே அடுக்கிச் சுவராக்கும் வீட்டுத் தொகுப்புக்கு, அதாவது கிட்டுக்கு, விலைப்பட்டியல் வந்திருக்கிறது. முன்பணம் கேட்கிறார்கள். அப்பாவோ "செல்லு அரிச்சுரும், வேண்டாஞ்சாமி" என்கிறார், கறையானைத்தான் சொல்கிறார். கட்டலாமா, கட்டினால் எதைக் கவனிக்க வேண்டும், முன்பணத்தை இப்போதே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டலாமுங்க. ஆனால் அப்பா சொல்வதில் பாதி உண்மை. கிட்டில் வந்து இறங்குவது இந்த வேலையின் சுலபமான பகுதி. அந்த வீடு உங்கள் பேரன் காலம் வரைக்கும் நிற்குமா, பத்தே வருஷத்தில் அடிக்கட்டை உளுத்துப் போகுமா என்பது கிட்டில் இல்லாத விஷயங்களைப் பொறுத்தது. முக்கியமாக அடியில் நாம் போடும் பேஸ்மெண்டும், மேலே நாம் இழுக்கும் தாழ்வாரமும். கம்பெனியின் படப்புத்தகத்தில் இந்த இரண்டும் பனிநாட்டுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். அதை நம் ஊருக்கு மாற்றி வரையச் சம்மதிக்காத கம்பெனியிடம் வாங்காதீர்கள்.

முதலில் மரம். மேற்குக் கனடாவிலிருந்து வரும் கிட் என்றால் பெரும்பாலும் வெஸ்டர்ன் ரெட் சீடர், தாவரப் பெயர் துஜா பிளிக்காட்டா. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அதற்குத் தெற்கே வாஷிங்டன், ஓரிகானிலும் வளர்வது. கிழக்குப் பக்கத்துக் கம்பெனிகள் ஒயிட் சீடர் கொடுப்பார்கள், அது துஜா ஆக்சிடென்டாலிஸ். இரண்டும் இமயமலைத் தேவதாரு இல்லை. நம் மரக்கடைகளில் சீடர் என்று சொல்லி விற்கும் மரங்கள் வேறு. அதனால் விலைப்பட்டியலில் தாவரப் பெயரை எழுதி வாங்குங்கள்.

ரெட் சீடர் ரொம்ப லேசான மரம். காய்ந்தபின் கன மீட்டருக்கு 370 முதல் 390 கிலோ வரைதான். தேக்கு 650 கிலோ வரும். 6க்கு 8 அங்குலத்தில் 18 அடி நீளக் கட்டை ஒன்று 65 கிலோ அளவில் நிற்கும். நான்கு பேர் சாதாரணமாகத் தூக்கி வைத்துவிடலாம். முகட்டு உத்திரம் ஏற்றும் நாளுக்கு மட்டும் ஹைட்ரா கிரேன் சொன்னால் போதும். மரம் சுருங்குவதும் மற்ற மரங்களைவிடக் குறைவு. வைரப்பகுதியில், அதாவது நடுமரத்தில், இயற்கையாகவே பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, அந்த வாசனையும் அதனால்தான். இதெல்லாம் கம்பெனிக்காரர்களும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஐரோப்பியத் தரவிதியான ஈ.என். 350, இந்த மரத்தைப் பூஞ்சை அழுகலைத் தாங்குவதில் ஐந்து வகுப்புகளில் இரண்டாவதாக வைத்திருக்கிறது. நல்ல இடம்தான். அதே விதி, கறையான் என்று வரும்போது இதைத் தாங்காத மரம் என்றே குறிக்கிறது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பூஞ்சைத் தடுப்புகூடக் கிடையாது.

ஆக, வாசனைக்குக் கறையான் ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம். அதிலும் உங்களுடையது தென்னந்தோப்பு. மண்ணுக்குள் பழைய தூர், மட்டை, பன்னாடை என்று கறையானுக்கு ஏற்கெனவே சாப்பாடு போட்டு வைத்திருக்கிறீர்கள். வீட்டு இடத்தைச் சுற்றி நாலா பக்கமும் குறைந்தது 25 அடிக்குத் தென்னை இருக்கக் கூடாது. இருந்தால் எடுக்க வேண்டும், எடுத்தால் தூரோடு எடுக்க வேண்டும். வெட்டிவிட்டு அடித்தூரை மண்ணுக்குள் விட்டுவைப்பது, கறையானை நாமே அழைத்து உட்காரவைப்பது. தேங்காயும் மட்டையும் கூரைமேல் விழாமல் இருக்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

கடக்கால் தோண்டும்போதே கறையான் மருந்து அடித்துவிட வேண்டும். இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 6313, இரண்டாம் பாகம் இதற்கானது. தரைத்தளம் போடுமுன் நிரப்பிய மண்ணின் மேல்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல், அடித்தளச் சுவரின் பக்கவாட்டில் 7.5 லிட்டர் என்று அதில் அளவு இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கைத்தெளிப்பானில் ஒரு டேங்க் அடித்துவிட்டுப் போவது கணக்கில் சேராது, பக்கத்தில் நின்று லிட்டரை எண்ணுங்கள். தோப்புக் கிணறு அருகில் இருந்தால் வீட்டையே தள்ளி வையுங்கள். இந்த மருந்து குடிநீரில் கலக்கக் கூடாது.

மருந்து காலப்போக்கில் வலுவிழக்கும். அதனால் மருந்தைவிட எனக்கு நம்பிக்கை தகட்டில்தான். பேஸ்மெண்டின் மேல் சுற்றிலும் ஓடும் பெல்ட் கான்கிரீட் பட்டையைப் போட்டதும், அதன்மேல் முழு அகலத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு விரித்து, வெளிப்பக்கமும் உள்பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டி, ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்கிவிட வேண்டும். இணைப்புகளை ஒட்டிவிட வேண்டும். தகடு கறையானைக் கொல்லாது. மண்ணிலிருந்து ஏறுகிற கறையான் அந்த மடிப்பைச் சுற்றி மண்கூடு கட்டித்தான் மேலே போக முடியும், அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாலே போதும். அதற்குப் பேஸ்மெண்டின் எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்க வேண்டும். சுவரை ஒட்டி மல்லிகைப் பந்தல், விறகு அடுக்கு, தேங்காய்த் தொட்டிக் குவியல் எதுவும் ஆகாது.

பேஸ்மெண்ட் உயரம் தரையிலிருந்து இரண்டரை அடி வையுங்கள். நம் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஒன்றரை அடி போதும் என்று கிட் வரைபடம் சொல்லும். அங்கே பரவாயில்லை. இங்கே ஐப்பசி மழை மண்ணில் அடித்துத் தெறிக்கும் உயரத்தைப் பார்த்தவர்களுக்கு அது போதாது என்று தெரியும். இன்னொரு நுணுக்கம். நம் கொத்தனார்கள் அழகுக்காகப் பேஸ்மெண்டைச் சுவரைவிட இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி, மேலே ஒரு பட்டை விடுவார்கள். சிமெண்டுச் சுவருக்கு அது சரி. மரச்சுவருக்கு அந்தப் பட்டைதான் எமன். சுவரில் வழியும் தண்ணீர் அதில் தேங்கி, முதல் கட்டையின் அடியில் ஊறிக்கொண்டே இருக்கும். முதல் கட்டை பேஸ்மெண்டைவிட அரை அங்குலமாவது வெளியே நீட்டி, அடியில் தண்ணீர் சொட்டும் காடியோடு உட்கார வேண்டும். மர வீடு கெட்டுப்போன இடங்களில் நான் முதலில் குனிந்து பார்ப்பது இந்த ஒரு மூலையைத்தான்.

மண் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. செம்மண்ணோ, கீழே சுக்கான் பாறையோ வந்தால் பிரச்சினை இல்லை. கரிசல் திட்டு என்றால் மண் பரிசோதனை செய்யாமல் இறங்காதீர்கள். கரிசல் கோடையில் வெடித்து மழையில் உப்பும். வீடு லேசாக இருப்பதால் உப்புகிற மண் அதைத் தூக்கிவிடும் என்பதுதான் இங்கே ஆபத்து, அமிழ்ந்துபோவது இல்லை. அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்) போட்டு, மேலே அவற்றை இணைக்கும் கிரேடு பீம் ஓட்டுவது அப்போது சரியான வழி.

இனிக் கூரை. உங்கள் தோப்புக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வரும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரலும் சேர்ந்து வரும். அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை எதிர்ப்பக்கத்திலிருந்து. ஆக இரண்டு பக்கமும் நனையும். கம்பெனி அனுப்பிய முன்தோற்றப் படத்தில் கூரையின் முக்கோணம் வரை ஏறும் உயரமான கூம்புச் சுவரும் அதில் ஆள் உயரக் கண்ணாடியும் இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லாக் கம்பெனிப் படங்களிலும் அதுதான். அங்கே மங்கலான வெயிலை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ள அப்படி வைக்கிறார்கள். இங்கே அதை மேற்குப் பார்த்து வைத்தால் பங்குனியில் சாயங்காலம் அந்த ஹாலில் யாரும் உட்கார முடியாது. கூம்புச் சுவர் வேண்டாம், நாலாப் பக்கமும் சரிந்து இறங்கும் கூரை கேளுங்கள். சுற்றி, பழைய வீட்டு ஆசாரம் மாதிரி அகலமான திறந்த தாழ்வாரம், மேற்கிலும் தெற்கிலும் 8 அடி, மற்ற பக்கம் 5 அடிக்குக் குறையாமல். மரச்சுவரில் மழையும் வெயிலும் நேரே படாவிட்டால் பராமரிப்பு பாதியாகக் குறையும். உங்கள் தாத்தா காலத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) மண்சுவர்தான், அது அத்தனை வருஷம் நின்றதும் தாழ்வாரத்தால்தான்.

கூரைச் சட்டத்தைப் பனிச்சுமைக்கு என்று கணக்கிட்டு மரத்தை அள்ளி வைத்திருப்பார்கள். நமக்குப் பனி இல்லை. ஐ.எஸ். 875படி ஆள் நடமாடாத கூரைக்குச் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 75 கிலோ அளவில் எடுத்தால் போதும். ஆனால் காற்று நம்முடையது. கோவைக்கு அதே விதியின் மூன்றாம் பாகம் தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர் மாதிரி. லேசான மரம், அகலமான தாழ்வாரம் இரண்டும் சேர்ந்தால் காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். கைமரத்திலிருந்து சுவர் வழியாகப் பெல்ட் கான்கிரீட் வரைக்கும் கம்பியால் இழுத்துப் பிடித்த மாதிரி தொடர்ச்சியான பிடிப்பு வேண்டும். மேலே மங்களூர் ஓடு போடப்போகிறீர்கள் என்றால் அதன் எடையையும் கம்பெனியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கிட்டோடு வரும் சீடர் ஓட்டுப்பலகையை நான் எடுக்க மாட்டேன். கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் எரிக்கிற ஊரில் கூரைமேல் பொறி விழ வாய்ப்பு அதிகம்.

வெப்பம் பற்றி ஒரு வார்த்தை. 6 அங்குல சீடர் சுவர், 9 அங்குலச் செங்கல் சுவரைவிட நாலைந்து மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவரும் கிட்டத்தட்ட அதே பக்கத்தில் வந்து நிற்கும், செலவோ பல மடங்கு குறைவு. குளிர்ச்சிக்காக மட்டும் இந்த வீடு என்றால் தேவையே இல்லை. நம் ஊர் வீட்டில் சூடு இறங்குவது கூரை வழியாக. அங்கே ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் 3 அங்குலம் இன்சுலேஷன் வையுங்கள், சுவர் எதுவானாலும் வித்தியாசம் தெரியும். மரவீடு வேண்டும் என்பது ஆசை சார்ந்த விஷயம், அதில் தப்பில்லை. ஆசைக்குச் செலவு செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும்.

சரி, எல்லோரும் கோட்டை விடும் இடத்துக்கு வருவோம். கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கும் சுவர் இறங்கும். மரம் நீளவாக்கில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது, குறுக்கே சுருங்கும். செங்கல் வரி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருப்பதால் எல்லாக் கட்டையின் சுருக்கமும் சேர்ந்து சுவரின் உயரத்தில் தெரியும். 18 சதவீத ஈரத்தில் வந்த சீடர் இங்கே 11 சதவீதத்துக்குக் காய்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 அடிச் சுவர் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். பச்சைக் கட்டையாக வந்தால் அடிக்கு அரை முதல் முக்கால் அங்குலம் என்று அமெரிக்காவில் கணக்கு வைக்கிறார்கள். 9 அடிக்கு நாலரை அங்குலத்திலிருந்து ஏழு அங்குலத்துக்குப் பக்கம் வரை. வீடே அந்த அளவுக்குக் குள்ளமாகிவிடும். அதனால் சூளையில் உலர்த்திய கட்டைதான் வாங்க வேண்டும். அங்கே எஸ்-டிரை என்று முத்திரை போட்டிருந்தால் அறுத்துச் சீராக்கும்போது ஈரம் 19 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். 15 சதவீதம் கேட்டுப் பாருங்கள், தருகிற கம்பெனிகள் உண்டு. ஓர் ஈரமானியை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு, கன்டெய்னர் திறக்கும் அன்றைக்கே நாலைந்து கட்டைகளின் நடுவில் குத்திப் பாருங்கள்.

சுவர் இறங்கும், ஆனால் கதவு நிலையும் ஜன்னல் சட்டமும் இறங்காது. அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலேயும் ஒன்றரை, இரண்டு அங்குலம் வெற்றிடம் விட்டுத்தான் கிட் வரும். சட்டம் கட்டைகளோடு ஆணியில் பிடித்திருக்காது. கட்டையின் முனையில் வெட்டிய காடியில் ஒரு ரீப்பர் நுழைந்திருக்கும், சட்டம் அந்த ரீப்பரில் மட்டும் பிடித்திருக்கும், கட்டைகள் அதில் வழுக்கிக்கொண்டு கீழே வரும். இதை முன்பின் பார்த்திராத நல்ல ஆசாரிக்குத் தலைக்கு மேலே அந்த இடைவெளியைப் பார்த்தால் மனசு ஆறாது. மலைப்பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் பார்த்தேன். எல்லா ஜன்னல் தலைப்பிலும் அருமையாக ஆப்பு இழைத்து, இறுக்கி, பட்டை அடித்திருந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த கோடையில் சுவர் காய்ந்து இறங்கப் பார்த்தபோது மேலே இருந்த கட்டைகள் ஜன்னல் சட்டத்தின்மேல் உட்கார்ந்துவிட்டன. பக்கத்தில் இருந்த கட்டைகள் மட்டும் இறங்கின. வரிசைகளுக்கு நடுவில் விரல் நுழையும் சந்து, கண்ணாடியில் மூலைக்கு மூலை கீறல், கதவு பாதியில் நின்றது. ஆப்புகளைத் தட்டி எடுத்ததும் சுவர் தானே கீழே வந்து உட்கார்ந்தது. ஜன்னல் தலைப்பில் விடும் அந்த இடைவெளியை மென்மையான கம்பளிப் பஞ்சால் அடைத்து, மேலே ஒரு பக்கம் மட்டும் ஆணி பிடித்த பட்டையால் மறைக்க வேண்டும். வேலை தொடங்கும் அன்று ஆசாரியைக் கூப்பிட்டு இதை ஒருமுறை வரைந்து காட்டிவிடுங்கள்.

தாழ்வாரத் தூண்களும் இதே கதைதான், தலைகீழாக. தூண் நட்டுக்கு நிற்பதால் சுருங்காது, சுவர் மட்டும் இறங்கும், கூரை வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டு உட்பக்கம் சாயும். அதனால் ஒவ்வொரு தூணின் அடியிலும் ஸ்க்ரூ ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்க ஸ்பேனரால் சிறிது சிறிதாகத் தளர்த்துவார்கள். முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சுவருக்குள் மேலிருந்து கீழ் வரை போகும் நீளமான போல்ட்டுகளின் நட்டையும் அப்போதே இறுக்கவேண்டும், ஸ்பிரிங் வைத்த போல்ட் என்றால் அந்த வேலை பாதி மிச்சம். ஜாக்கியைத் தகட்டுப் பெட்டியால் மூடலாம், சிமெண்டு பூசி மூடிவிடக் கூடாது.

இதே காரணத்துக்காகத்தான் குளியலறையையும் சமையலறையையும் மரத்தில் கட்ட வேண்டாம் என்கிறேன். குழாய் நட்டுக்கு ஏறும், டைல்ஸ் ஒட்டிய சுவர் அசையக் கூடாது, மரமோ அசையும். போதாக்குறைக்குத் தாளிக்கிற எண்ணெய்ப் புகை. அந்த இரண்டையும் பின்னால் தனிக்கட்டாகச் செங்கல்லிலோ ஏ.ஏ.சி. பிளாக்கிலோ கட்டி, நடுவில் ஒரு சிறு நடையால் இணையுங்கள். பழைய சாளையில் குளிக்கும் இடமான பொடக்காலியைத் தள்ளி வைத்த மாதிரியேதான். இரண்டு கூரையும் தனித்தனியாக நிற்கட்டும். மரவீட்டுக் கூரையின் ஒரு முனை கூட செங்கல் சுவர்மேல் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அந்த முனை மட்டும் இறங்காமல் நின்றுவிடும். இப்படிப் பிரித்தால் மரப்பகுதி 700, 800 சதுர அடிக்குள் அடங்கிவிடும். கிட் விலையும் இறங்கும்.

மின்சார வேலையில் நம் பழக்கம், சுவர் எழுப்பியபின் எலக்ட்ரீஷியன் வந்து காடி வெட்டுவது. இங்கே வெட்ட முடியாது. அடுக்கும்போதே ஒவ்வொரு கட்டையிலும் துளை நேருக்கு நேர் வர வேண்டும். எந்தச் சுவிட்சு எங்கே, ஏ.சி. குழாய் எங்கே வெளியேறும், ஃபேன் கொக்கி எந்த உத்திரத்தில், பூஜை அலமாரிக்கு விளக்குப் புள்ளி எங்கே என்று எல்லாம் கம்பெனி அறுக்கத் தொடங்கும் முன்னாலேயே வரைபடத்தில் ஏறியிருக்க வேண்டும். இந்த ஒரு தாளுக்கு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

கிட்டில் என்ன வரும்? அறுத்த கட்டைகள், கைமரம், கூரைப்பலகை, கதவு, ஜன்னல், வரிசைகளுக்கு நடுவில் வைக்கும் ரப்பர் பட்டை, போல்ட், திருகு. கடக்கால், வயரிங், குழாய், ஓடு, செப்டிக் டேங்க், தரை, கூலி எதுவும் வராது. அங்கேயே கிட் விலையைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும் வீடு முடிய, என்பதுதான் வழக்கமான கணக்கு. நமக்குக் கப்பல் கூலியும் சுங்கவரியும் மேலே. மூன்று அடுக்குக் கண்ணாடி ஜன்னல் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், அதற்குப் பதில் கொசுவலை கேளுங்கள். இரும்பு ஆணி, சாதா திருகு எதுவும் உள்ளே வரக் கூடாது. சீடரில் இருக்கும் டானினோடு இரும்பு சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்பாக வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது கனமாகத் துத்தநாகம் தோய்த்தது மட்டும். இங்கே கடைசி நேரத்தில் பற்றாக்குறைக்கு உள்ளூர்க் கடையில் கால் கிலோ ஆணி வாங்கி வருவார்கள், அதைத் தடுப்பது உங்கள் வேலை. சீடரை அறுக்கும் தூளில் இருக்கும் பிளிக்காட்டிக் அமிலம் மூச்சிரைப்பு கொண்டுவரக்கூடியது, மில் தொழிலாளர்களிடம் நன்றாக ஆராயப்பட்ட நோய் அது. ஆசாரிகளுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள், துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது.

கன்டெய்னர் தூத்துக்குடியிலோ கொச்சியிலோ இறங்கும். மரம் என்பதால் தாவரத் தனிமைப்படுத்தல் சோதனை உண்டு. ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும், புகையூட்டியோ சூடேற்றியோ பூச்சி நீக்கிய சான்றும் அசலாகக் கூடவே வர வேண்டும். கட்டுக்கு அடியில் வைத்த பலகைகளிலும் பூச்சி நீக்கியதற்கான முத்திரை இருக்க வேண்டும். முழு வீட்டுக் கிட்டாக 9406 தலைப்பின்கீழ் வருகிறதா, வெறும் அறுத்த மரமாக 4407இல் வருகிறதா என்பதை ஒரு சுங்கத் தரகரிடம் ஆர்டர் கொடுக்கும் முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காகிதம் ஒன்று குறைந்து துறைமுகத்தில் பெட்டி நின்றால் தினமும் வாடகை ஏறும்.

அப்புறம், 40 அடி டிரெய்லர் தோப்புக்குப் போகும் குறுகலான இட்டேரிக்குள் திரும்பாது. தார் ரோட்டிலேயே நிறுத்தி, டிராக்டரில் மாற்றி உள்ளே கொண்டுவர வேண்டும். கட்டையை இறக்குகிற இடத்தில் கான்கிரீட் பிளாக் வைத்து, முழங்கால் உயரத்துக்கு மேலே, வரிசைக்கு வரிசை ரீப்பர் விட்டு அடுக்குங்கள். முதல் வரிசைக் கட்டைகள் மேலே வருமாறு அடுக்கினால் பிறகு தேட வேண்டியதில்லை. தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிவிடாதீர்கள், உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். மேலே மட்டும் மூடி, பக்கத்துக்கு ஷேடு நெட் போதும்.

காலக் கணக்கு: ஐப்பசி அல்லது கார்த்திகையில் பூஜை போட்டுக் கடக்காலைத் தொடங்குங்கள், மார்கழியில் வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தை கடைசியில் மரம் கைக்கு வந்து, மாசியில் சுவர் எழும்பி, சித்திரைக்குள் கூரை ஏறினால் ஆனிக் காற்றுக்கு முன் வீடு மூடியிருக்கும். இதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஆர்டர் தேதியை முடிவு செய்ய வேண்டும், கம்பெனியின் தள்ளுபடி தேதியை வைத்து அல்ல. பங்குனி வெயிலில் சுவர் நின்றால் மேற்குப் பக்கம் படீர் படீரென்று வெடிப்பு விடும், அங்கேயும் ஷேடு நெட் கட்டுங்கள். சாதாரண வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். கட்டையின் மேல் பாதியில், வானம் பார்த்து, கால் அங்குலத்துக்கு மேல் விரியும் வெடிப்பை மட்டும் நெகிழும் சீலண்ட் வைத்து அடைக்க வேண்டும், அதில்தான் தண்ணீர் நிற்கும்.

பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம், வெயிலில் தோல் மாதிரி உரியும். மரத்துக்குள் இறங்கும், நிறமி கலந்த எண்ணெய்ப் பூச்சு அடியுங்கள். அதற்குமுன் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் போரேட் கரைசல் ஒரு கை. பூச்சுக்கு அடியில் இருந்தால்தான் அது மழையில் கரைந்து போகாது. வெயில் படும் பக்கம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். கருவண்டு வந்து பென்சில் பருமனுக்கு மேலே வட்டமாகத் துளை போடும், பூச்சு இல்லாத மென்மரம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். கண்டதும் அடைத்துவிடுங்கள். இதையெல்லாம் செய்ய வருஷம் முழுக்கத் தோப்பில் ஆள் இருப்பாரா என்பதுதான் நான் உங்களைக் கேட்க நினைக்கும் கேள்வி. கோவையில் இருந்துகொண்டு நோம்பிக்கு நோம்பி, அதாவது பண்டிகைக்கு மட்டும், வந்து போவதானால், ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டி, வெளியே காற்று போகச் சந்து விட்டு சீடர் பலகை அடித்துக்கொள்வது உங்களுக்குச் சரியாக இருக்கும். பார்வை அதேதான், இறங்குகிற தொல்லை இல்லை, பலகை கெட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

முன்பணம் இப்போது வேண்டாம். அதற்குமுன் உங்கள் சர்வே எண் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கிராமப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். அடிவாரத்தில் வர வாய்ப்பு உண்டு, வந்தால் பஞ்சாயத்து அனுமதி மட்டும் போதாது. நம் ஊர்க் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் மரக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 883படி கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கடன் வாங்குவதாக இருந்தால் மரவீட்டுக்குத் தருவார்களா என்று வங்கியிலும், காப்பீடு எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று காப்பீட்டுக்காரரிடமும் எழுத்தில் கேளுங்கள். இத்தனைக்கும் பதில் கையில் வந்தபின், கம்பெனியிடம் வரைபடக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள். நாலு பக்கச் சரிவுக் கூரை, காற்றுப் பிடிப்பு, தனிக்கட்டு, சுவிட்சுப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்த திருத்திய வரைபடம் வந்து, நம் பொறியாளர் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு மீதியைப் பேசிக்கொள்ளலாம். வரைபடம் வந்ததும் அடித்தளக் குறுக்குவெட்டுப் பக்கத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.